குளிர்ச்சிக்குக் குறைவில்லாத நகரம்

சென்னைப் பெருநகரே, உன்னைப் புகழ்வதற்கு ஏற்ற காலம் மார்கழி அல்ல. மார்கழியில் யார் வேண்டுமானாலும் உன்னைப் பாராட்டுவார்கள். சபாக்கள் நிறைந்திருக்கும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்திருப்பார்கள், கடற்காற்று வீடு தேடி வரும். உன் பெருமை முழுவதும் தெரிவது அக்கினி நட்சத்திரத்து மதியம் ஒரு மணிக்குத்தான். மேற்கிலிருந்து அனல் காற்று அடித்து, கடற்காற்றை உள்ளே வரவிடாமல் நிறுத்திவைக்கும் அந்த நாட்களில், இந்த ஊருக்குள் எத்தனை குளிர்ந்த இடங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. நீ குளிர்ச்சியில் ஏழை இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன்னிடம் காடே இருக்கிறது. ஊருக்கு நடுவில் தேசியப் பூங்கா வைத்திருக்கும் நகரங்கள் இந்த நாட்டில் மிகச் சில. கிண்டியில் சுமார் 270 ஹெக்டேருக்கு வெளிமானும் புள்ளிமானும் திரியும் புதர்க்காடு. அதை ஒட்டி ஆளுநர் மாளிகையின் மரக்கூட்டம். அதன் பக்கத்திலேயே 600 ஏக்கருக்கு மேல் ஐ.ஐ.டி. வளாகம். அடையாறு கடலில் சேரும் இடத்தில் பிரம்மஞான சபையின் 260 ஏக்கர், பழைய ஆலமரத்தோடு. ஆற்றின் வடகரையில் 58 ஏக்கரில் மாநில அரசே பாடுபட்டு உருவாக்கிய தொல்காப்பியப் பூங்கா. தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரியின் பச்சை. இத்தனைக்கும் பிறகு உன்னை வறண்ட ஊர் என்று எவரும் சொல்ல முடியாது.

இவை அனைத்தையும் நீ காத்த விதத்தைப் புகழ வேண்டும். மதில் எழுப்பிக் காத்தாய். மதில் இல்லாதிருந்தால் அந்த இடங்களில் இன்று அடுக்குமாடிகள் நின்றிருக்கும், சந்தேகமே இல்லை. மானின் வீட்டை மனிதருக்குத் திறந்துவிடு என்று கேட்க நான் வரவில்லை. ஆனால் சர்தார் படேல் சாலையில் நடந்துபோகிறவருக்கு அந்தக் காட்டில் என்ன பங்கு என்று பார். மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் கிளையின் நிழல், அதுவும் அவர் நடக்கும் பக்கம் விழுந்தால். நகரத்தின் பெருந்தோப்புகள் எல்லாம் சேர்ந்து நடைபாதைக்கு அளித்திருப்பது அவ்வளவுதான். தொல்காப்பியப் பூங்காவோ பள்ளி மாணவருக்கும் முன்பதிவு செய்தவருக்கும் மட்டுமே என்று ஆண்டுக்கணக்கில் காவல் காக்கப்பட்டது. பக்கத்துப் பட்டினப்பாக்கத்துக் குடியிருப்பிலிருந்து நடந்து வரக்கூடிய தொலைவில் 58 ஏக்கர் பச்சை. அந்தக் குடியிருப்பின் பிள்ளைகளுக்கு வெயில் நேரத்தில் ஒதுங்க மாடிப்படிக்கட்டு.

மதில் இல்லாத இடத்தில் சீட்டு வைத்தாய். கதீட்ரல் சாலையில் 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. 2024 அக்டோபரில் அதற்கு எதிரிலேயே கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்தது. அழகான பூங்காக்கள், தோட்டக்கலைத் துறையின் உழைப்பு ஒவ்வொரு பாத்தியிலும் தெரிகிறது. இரண்டாவது பூங்கா திறந்தபோது பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய், சிறுவருக்கு 50. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ளே போய் ஒரு மரத்தடியில் உட்கார 300 ரூபாய். தேனாம்பேட்டையின் சந்துகளில் தகரக் கூரைக்கடியில் இருக்கும் குடும்பம் அந்த 300 ரூபாயில் ஒரு நாள் சமைத்துவிடும். அந்தக் குடும்பம் பூங்காவின் வேலியோரமாக நடந்துபோகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

கட்டணமே இல்லாத குளிர்ச்சியும் உன்னிடம் உண்டு. தியாகராய நகரின் துணிக்கடைகளை நினைத்துப் பார்க்கிறேன். கதவு திறந்தால் முகத்தில் வந்து மோதும் அந்தக் குளிர் காற்றைப் போல இந்த ஊரில் இன்பமானது வேறில்லை. யார் வேண்டுமானாலும் போகலாம், கேட்பார் இல்லை. கையில் பை, காலில் நல்ல செருப்பு, கூட ஒரு குழந்தை இருந்தால் வணக்கமும் கிடைக்கும். அதே வாசலில் பூக்கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு அம்மா உள்ளே நுழைந்து பார்க்கட்டும். "என்னம்மா வேணும்?" என்ற கேள்வியில் மரியாதைக்குக் குறைவு இருக்காது. ஆனால் என்ன வேண்டும் என்று அவரால் சொல்ல முடியாது. அவருக்கு வேண்டியது கால் மணி நேரம் உட்கார ஓர் இடம். அது அந்தக் கடையில் விற்பனைக்கு இல்லை. அங்கே துணி எடுத்துப் போடும் பெண்களுக்கே உட்கார நாற்காலி வேண்டும் என்று சொல்ல 2021இல் சட்டசபை சட்டம் திருத்த வேண்டியிருந்தது. நின்றபடியே பத்து மணி நேரம் வேலை செய்தவர்களின் கால் வீக்கத்துக்காக வந்த சட்டம் அது. நல்ல சட்டம், நாட்டில் இந்த உரிமையை எழுதிவைத்த மாநிலங்கள் மிகக் குறைவு.

அந்தக் கடையின் கதவைத் திறந்துவிடுகிற மனிதரைக் கவனித்திருக்கிறாயா? அறுபது வயதுக்கு மேற்பட்டவராகவே பெரும்பாலும் இருப்பார். தடித்த சீருடை, தோளில் பட்டை, காலில் பூட்ஸ். காலை பத்து முதல் இரவு பத்து வரை ஊரில் உள்ள எல்லாருக்கும் குளிர்ச்சியைத் திறந்துவிடுவது அவர் வேலை. அவர் நிற்பது வெளியே. ஏ.சி. இயந்திரம் உள்ளேயிருக்கும் சூட்டை உறிஞ்சி, தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து, பின்பக்கமோ பக்கவாட்டிலோ நடைபாதையில்தான் கொட்டுகிறது. கடைக்காரர் குளிரை உள்ளே வைத்துக்கொள்கிறார், நடந்துபோகிறவருக்கும் வாசற்காவலருக்கும் அனலை வழங்குகிறார். இந்தப் பங்கீட்டை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அதனால்தான் யாரும் அதை மாற்றவும் முயல்வதில்லை.

மெட்ரோவைப் பற்றி எனக்கு முழு மனத்தோடு சொல்ல நல்ல சொல் இருக்கிறது. 2017இல் சுரங்க நிலையங்கள் திறந்ததிலிருந்து இந்த ஊரில் ஏழை நுழையத் தயங்காத குளிர்ந்த இடம் ஒன்று இருக்கிறதென்றால் அது பயணச்சீட்டு வாசலுக்கு இந்தப் பக்கம் உள்ள கூடம்தான். சீட்டு எடுக்காமலே அதுவரை இறங்கலாம். தரை சுத்தம், காற்று குளிர்ச்சி, கழிவறை உண்டு. உட்காரத்தான் இடம் குறைவு. நான்கு வரிசை நாற்காலி போட்டு, ஒரு குடிநீர்க் குழாய் வைத்து, "வெயில் நேரத்தில் இங்கே இளைப்பாறலாம்" என்று தமிழில் ஒரு பலகை மாட்டினால் சென்னையின் மிகச் சிறந்த வெயில் புகலிடம் அந்தக் கணமே தயார். புறநகர் ரயிலிலும் 2025 ஏப்ரலில் ஏ.சி. வந்தது. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை ஓடும் அந்த ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண ரயிலில் அதே தொலைவு 5 ரூபாய். இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன.

இனி உன் நேர ஒழுங்கு. இதை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். வெயில் ஏறும் நேரத்தை நீ நொடி பிசகாமல் அறிவாய். நெடுங்காலமாக இங்கே பல பூங்காக்களில் வழக்கம் என்ன? விடியற்காலையில் திறப்பார்கள். நடைப்பயிற்சிக்காரர்கள் வந்து எட்டு போட்டு நடப்பார்கள், சிரிப்புப் பயிற்சி செய்வார்கள், அருகம்புல் சாறு குடிப்பார்கள். காவலாளி ஒன்பது மணிக்கு மேல் பூட்டைத் தேட ஆரம்பிப்பார். மறுபடி திறப்பது மாலை நாலு மணிக்கு. பகல் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னால், "அப்புறம் எல்லாரும் வந்து படுத்துக்குவாங்க சார்" என்பார். படுக்கத்தானே வருவார்கள்? பகல் பன்னிரண்டு மணிக்கு மரத்தடியில் படுக்க வருகிறவன் வேறு எங்கும் படுக்க இடமில்லாதவன். காலை ஆறு மணிக்குப் பூங்கா தேவைப்படுகிறவருக்கு வீட்டில் மின்விசிறி இருக்கிறது, பெரும்பாலும் ஏ.சி.யும் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குத் தேவைப்படுகிறவருக்கு இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

கோயில்களும் அப்படியே. உலகத்தில் வெயிலுக்கு இதைவிடச் சிறந்த கட்டடத்தை எவரும் கட்டவில்லை. கருங்கல் தூண், உயரமான மேற்கூரை, காற்று நுழைந்து வெளியேறும் வழி, ஒரு பக்கம் குளம். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் திருவான்மியூரிலும் திருவொற்றியூரிலும் நூற்றுக்கணக்கானோர் உட்காரக்கூடிய மண்டபங்கள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்திருப்பவரை எவரும் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. கோயிலில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் உச்சிகால பூஜை முடிந்ததும் நடை சாத்துவார்கள். மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடிய கதவு திறப்பது நான்கு மணிக்கு. வெயில் கொல்லும் நேரமும் கதவு மூடியிருக்கும் நேரமும் ஒன்றே. சுவாமிக்கு ஓய்வு வேண்டும், அர்ச்சகருக்கும் பணியாளருக்கும் ஓய்வு வேண்டும். கருவறை நடை சாத்தட்டும். வெளிப்பிராகாரத்து மண்டபத்தை ஏன் பூட்ட வேண்டும்? அதைக் கட்டிய அரசர்கள் தண்ணீர்ப் பந்தலுக்கும் சத்திரத்துக்கும் நிலம் எழுதிவைத்தவர்கள். 1689இல் மதுரையின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளை மக்கள் இன்றும் மங்கம்மாள் சாலை என்கிறார்கள்; காரணம், சாலையோடு மரமும் சத்திரமும் வைத்தாள். நடக்கிறவனுக்கு வழி மட்டும் போதாது, இடையில் ஒதுங்க இடமும் வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

நடக்கிறவனைப் பற்றி நீயும் எழுதிவைத்திருக்கிறாய். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014இல் மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் செலவாக வேண்டும் என்றது. இந்திய மாநகராட்சிகளில் அப்படி முதலில் எழுதியது நீதான். இதைப் படித்த வெளியூர்க்காரர்கள் உன்னை வணங்கினார்கள். 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டு, இருந்த மரங்களைக் காப்பாற்றி, உட்கார இருக்கையும் வைத்தாய். மதியத்திலும் அங்கே கிழவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உனக்குச் செய்யத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அந்தச் சாட்சியிலிருந்து வடக்கே வியாசர்பாடிக்கோ புளியந்தோப்புக்கோ தண்டையார்பேட்டைக்கோ போய்ப் பார்த்தால் கொள்கைக்கு வயது கூடியது மட்டும் தெரிகிறது. இந்திய சாலைக் காங்கிரசின் விதிப்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். 1.8 மீட்டரில் என்னென்ன நிற்கும் என்பதை நீ காட்டியிருக்கிறாய். டிரான்ஸ்ஃபார்மர், மின்பகிர்வுப் பெட்டி, கட்சிக் கொடிக்கம்பம், குப்பைத் தொட்டி, பழுதான பைக், கேபிள் சுருள், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய மண். இவற்றுக்கெல்லாம் இடம் விட்டு நடக்கிறவர் தார்ச்சாலையில் இறங்குகிறார். மே மாதத்துத் தார், காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். ரப்பர் செருப்பின் வழியாகவே சுடும். மரம் வைத்திருக்கிறாய், ஆனால் பல இடங்களில் சாலை நடுவே தடுப்புச்சுவரில் வைத்திருக்கிறாய். அங்கே விழும் நிழல் காரின் கூரைக்குப் போகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களின் இடத்தில் பல தெருக்களில் இன்னும் வெறும் சதுரக் குழிதான், அதிலும் சிமெண்ட் பூசியாகிவிட்டது.

பேருந்து நிறுத்தங்களைத் துருப்பிடிக்காத எஃகில் அமைத்தாய். பளபளப்பு குறையவே இல்லை. இருக்கையும் எஃகுக் குழாய்தான். மேற்குப் பார்த்த நிறுத்தத்தில் மூன்று மணிக்கு அதில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குத் தெரியும், இரண்டாம் முறை உட்கார மாட்டார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021இல் தந்தாய். எத்தனையோ வீடுகளில் அது மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம் செய்கிறது, அதைக் கொடுத்தவர்கள் வாழ்க. அந்தப் பேருந்துக்காக அவர்கள் காத்திருப்பது அந்த எஃகுக்கு வெளியே, கம்பத்தின் மெல்லிய நிழலில், ஒருவர் பின் ஒருவராக. சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டாய். இருசக்கர வண்டியில் வருகிறவர் ஒரு நிமிடம் நிற்கும் இடத்துக்கு நிழல் கிடைத்தது. அதே சிக்னலைக் கடக்க மூன்று நிமிடம் காத்திருக்கும் பாட்டி நிற்கும் ஓரத்துக்கு வலை எட்டவில்லை.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் ஒரு பூங்காவைச் சுற்றி வட்டம் போட்டு, "இதற்குள் இருப்பவர்கள் பத்து நிமிட நடையில் வந்துவிடலாம்" என்று அதிகாரிகள் சொல்வார்கள். இளைஞன் பத்து நிமிடத்தில் 800 மீட்டர் நடப்பான். முட்டிவலி உள்ள எழுபது வயது அம்மாள் அதே நேரத்தில் அதில் பாதிகூட நடக்க மாட்டார். வரைபடத்து வட்டம் நேர்கோட்டில் அளக்கிறது, அவருடைய வழி சந்து வளைந்து, மேம்பாலத்தின் அடி சுற்றி, கடக்க முடியாத நூறடிச் சாலையின் சிக்னல் வரை போய்த் திரும்புகிறது. வெயிலில் பத்து நிமிடம் நடப்பதும் நிழலில் பத்து நிமிடம் நடப்பதும் உடலுக்கு ஒன்றல்ல. வயதானவர்களுக்குத் தாகம் தெரிவது குறையும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் நீர் இன்னும் சீக்கிரம் வற்றும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அது வெப்பவாதம், உயிருக்கு ஆபத்து. அந்த நிலைக்குப் போகாமலிருக்க, நாளில் இரண்டு மூன்று மணி நேரமாவது குளிர்ந்த இடத்தில் இருக்கச் சொல்கிறது மருத்துவம். அந்த இரண்டு மணி நேரத்தைத் தேடிப் போகும் வழியே அவரைச் சாய்த்துவிடக் கூடாது.

நடந்து போகும் தொலைவு உயிரைக் காக்கும் என்பதற்கு சிகாகோ சாட்சி. 1995 ஜூலையில் அங்கே வந்த வெப்ப அலையில் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் வறுமை இருந்தது, தனியாக வாழும் முதியவர்கள் இருந்தார்கள். ஒன்றில் தெருவில் கடைகள் இருந்தன, ஆள் நடமாட்டம் இருந்தது. கிழவர்கள் கீழே இறங்கி நாலு கடை தள்ளிப் போய் நிற்க முடிந்தது. மற்றதில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது, கதவைத் திறக்கவே பயந்தார்கள். இரண்டாவது பகுதியில் சாவு பல மடங்கு.

இதைப் படித்தபோது பெரும்பாக்கம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. கூவம் கரையில், அடையாற்றுக் கரையில் இருந்தவர்களை நீ எடுத்துக்கொண்டு போய்க் குடிவைத்த இடம். 2000இல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். வெள்ளத்திலிருந்து அவர்களைக் காப்பாற்றினோம் என்றாய். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடிவைத்துவிட்டு அதைச் சொன்னாய் என்பதை இப்போது விட்டுவிடுகிறேன். கூவம் கரையில் குடிசைதான். ஆனால் அங்கிருந்து நடந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் போகலாம், ரயில் நிலையத்துக் கூரைக்கடியில் நிற்கலாம், வேலை செய்யும் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்காரலாம், கடற்கரைக்கு ஒரு பேருந்தில் போகலாம். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி. லிஃப்ட் நின்றால் ஆறாவது மாடிப் பாட்டிக்கு நடை என்பது படி. மேல்மாடிக் கான்கிரீட் பகலில் குடித்த வெயிலை இரவு முழுவதும் அறைக்குள் விடும். கீழே இறங்கினால் இரண்டு கட்டடத்துக்கு நடுவே இடைவெளி உண்டு, மரமில்லை. நகரத்தின் குளிர்ந்த இடங்கள் எல்லாம் முன்பு அவர்கள் இருந்த திசையில், இருபது கிலோமீட்டருக்கு அப்பால். நிழலுக்கு மிக அருகில் இருந்த ஏழைகளைத் தேடிப் பிடித்து நிழலிலிருந்து தொலைவில் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். அவர்களுக்குப் பட்டா இல்லை என்பது காரணம்.

உன் அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். இது உண்மையிலேயே பெரிய காரியம். வெயிலை விதி என்று விட்டுவிடாமல் அரசின் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் கடலோர ஊரில் வெப்ப அலை என்று சொல்ல வானிலைத் துறைக்கு 37 டிகிரியும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலும் வேண்டும். வியர்வை காயாத புழுக்க இரவுகள் அந்தக் கணக்கில் இல்லை. ஏற்கெனவே நெஞ்சுவலி இருந்தவர் மே மாதத்துப் புழுக்கத்தில் தூக்கத்தில் போனால் அது மாரடைப்பு என்று எழுதப்படும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்தது. இதுவரை அதுதான் உச்சம். அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் இறந்தபின் தர 4 லட்சம் தயாராக இருக்கிறது. இறப்பதற்கு முன் உட்கார ஒரு பெஞ்சு எந்தத் தெருவில் இருக்கிறது என்ற பட்டியல் இல்லை.

2025இல் அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் உணவு கொண்டுபோகும் ஊழியர்களுக்கு ஏ.சி. ஓய்வறை கட்டினாய். அந்தச் செய்தி வந்த அன்று மனம் நிறைந்தது. தோளில் பெட்டியைச் சுமந்து வெயிலில் அலைகிற பையனுக்கு ஒரு நாற்காலி, செல்போனுக்கு மின்சாரம், கழிவறை. வேறு எந்த இந்திய நகரத்துக்கும் முன்னால் செய்தாய் என்று பெருமைப்பட்டார்கள், பெருமைப்படட்டும். அதே சாலையைக் காலை முதல் கூட்டிய தூய்மைப் பணியாளர் அக்கா அந்த அறைக்கு வெளியே, தள்ளுவண்டியின் நிழலில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறக்கிறார். அவர் உன் ஊழியர், அல்லது உன் ஒப்பந்தக்காரரின் ஊழியர். அந்த அறை அவருக்காக என்று எழுதப்படவில்லை. கையில் இருசக்கர வண்டி இல்லாதவருக்கு அந்த அறை எவ்வளவு தொலைவு என்றும் யாரும் அளக்கவில்லை.

வேறு ஊர்கள் எப்படிச் செய்கின்றன என்று கேட்கலாம். பார்சிலோனா நகராட்சி நூலகம், பள்ளி, அருங்காட்சியகம், பூங்கா என்று தன்னிடம் ஏற்கெனவே இருந்த இடங்களையே 2020 முதல் வெயில் புகலிடமாகப் பட்டியலிட்டது. ஒவ்வொருவருக்கும் பத்து நிமிட நடைக்குள் ஒன்று, 2030க்குள் ஐந்து நிமிட நடைக்குள் ஒன்று என்பது இலக்கு. உட்கார இடமும் குடிநீரும் இலவசம். அங்கேயும் வார இறுதியில், ஆகஸ்ட் விடுமுறையில் பல புகலிடங்கள் மூடிக் கிடக்கின்றன என்று மக்கள் சண்டை போடுகிறார்கள். அவ்வளவு தூரம் ஏன், அகமதாபாத் இருக்கிறது. 2010 மே மாதத்தில் அந்த ஊரில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2013இல் அவர்கள் வெயில் திட்டம் வகுத்தார்கள், தெற்காசியாவிலேயே முதலாவது.

உனக்கு ஒன்றும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. அதுதான் உன்னிடம் எனக்குள்ள மிகப் பெரிய பாராட்டும், மிகப் பெரிய கோபமும். 200 வார்டு உனக்கு. மாநகராட்சிப் பள்ளிகள் ஊர் முழுவதும் இருக்கின்றன. மே மாதத்தில் விடுமுறை. மின்விசிறி, பெஞ்சு, குடிநீர்க் குழாய், கழிவறை, வேப்பமரம் எல்லாம் உள்ள கட்டடம், வெயில் உச்சத்தில் இருக்கும் ஒரே மாதத்தில் பூட்டிக் கிடக்கிறது. 2013 முதல் அம்மா உணவகங்கள் இருக்கின்றன. ஏழைகள் தயக்கமில்லாமல் நுழையும் இடம், ஏழைகளின் தெருவிலேயே இருக்கும் இடம், சமைக்கும் பெண்களும் அங்கேயே இருக்கிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்தபின் மாலைச் சப்பாத்தி வரை அந்தக் கூடத்தைத் திறந்துவைத்து, நல்ல மின்விசிறி போட்டு, பானையில் தண்ணீர் வைத்தால் போதும். சமுதாயக் கூடங்கள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களின் காத்திருப்புக் கூடம், மெட்ரோவின் கூடம், கோயில் மண்டபம், பகல் முழுவதும் திறந்த பூங்கா. கிண்டியில் குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கரை 2024இல் அரசு தன்வசம் எடுத்தது. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். பூங்கா வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வாசலில் சீட்டுக் கவுண்டர் வேண்டாம்.

இவற்றைத் திறந்துவைத்தபின் அங்கே போகும் கடைசி நானூறு மீட்டரைச் சரி செய்ய வேண்டும். தெரு முழுவதும் வேண்டாம், குடியிருப்பிலிருந்து புகலிடம் வரை ஒரு வழி. அதில் பைக் நிற்கக் கூடாது. மரம் வளர ஐந்தாறு வருடமாகும், அதுவரை சிக்னலில் கட்டிய அதே பச்சை வலையை நடைபாதைக்கு மேல் கட்டலாம். நூறடிக்கு ஒரு கல் திண்ணை. சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் நட்ட ஊர்களின் பிள்ளைகள்தானே நாம். சக்கர நாற்காலியில் வருகிறவர் ஏறச் சரிவுப் பாதை. பார்வையில்லாதவருக்கு வழிகாட்டும் தரை. வேலையைப் பெரும்பாக்கத்திலும் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் தொடங்க வேண்டும். பெசன்ட் நகரில் முடிக்கலாம்.

பள்ளியின் சாவி மாநகராட்சியிடம் இருக்கிறது. கோயில் மண்டபத்தின் சாவி அறநிலையத் துறையிடம். பூங்காவின் சாவி தோட்டக்கலைத் துறையிடமும் ஒப்பந்தக்காரரிடமும். மெட்ரோ கூடம் மெட்ரோ நிறுவனத்திடம். எல்லாச் சாவியும் அரசின் கையில்தான். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பங்குனி முடியும் முன் உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்த்து, மே மாதம் பகல் பதினொன்று முதல் நான்கு வரை நம் வார்டில் எந்தக் கட்டடம் திறந்திருக்கும், குடிசைப் பகுதியிலிருந்து அதற்கு எந்த நிழலில் நடந்து வருவது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.